ரெண்டு டிக்கெட்

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இதழியல் படிக்கும் பிள்ளைகள். எல்லார் கையிலும் போன். போகிற இடத்தைப் படம் பிடித்து அன்றைக்கே ஊருக்குக் காட்டிவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பெண் எழுந்து, "பயணக் கட்டுரை எழுத எப்படி சார் வந்தீங்க? கதையெல்லாம் எங்க கிடைச்சுச்சு?" என்று கேட்டாள். "பஸ்ஸில் கிடைத்தது" என்றேன். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். ஆட்டோ பிடித்து நாகல் நகர் வந்து, வீட்டுப் பூட்டைத் திறந்து, சால்வையைக் கொடியில் போட்ட பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நான் சொன்னது பாதிப் பதில். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. வரலாறு. மதுரையில் படித்துவிட்டு, டுடோரியல்களில் சில வருடம் பாடம் நடத்தி, அதில் நிலைக்காமல் திண்டுக்கல்லில் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு வார இதழில் பிழை திருத்தச் சேர்ந்தேன். அந்த இதழை இன்று யாருக்கும் நினைவில்லை. ஒரு புகையிலைக் கிடங்குக்கு மேலே மாடியில் அலுவலகம். வெயில் ஏறினால் தாளிலும் மையிலும் புகையிலை நெடி ஏறிவிடும். வருடக்கணக்காக அடுத்தவர் எழுத்தில் ஒற்று போட்டுக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாரம், கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போய் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. ஆசிரியர் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, போன ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?"

"தாடிக்கொம்புக்கு சார். ஒரு கல்யாணம்."

"அதை எழுதுங்க. கல்யாணத்தை விட்டுட்டு."

நான் பயண எழுத்தாளன் ஆனது இப்படித்தான்.

ஆசிரியர் ஞானமுத்து சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. உயரமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு வைத்திருப்பார். எழுதிக் கொடுத்ததை உட்கார்ந்து படிக்க மாட்டார். சன்னலோரம் நின்று, தனக்கு மட்டும் கேட்கிற குரலில் வாசிப்பார். குரல் எங்கே தடுக்கிறதோ அங்கே பேனா விழும். கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய்விடுவோம்.

பயணப் பக்கத்தை வாராவாரம் என்னிடமே கொடுத்தபோது முதலில் சொன்னது இது: "மலைக்கு ஏறாதீங்க. கொடைக்கானலை எழுத ஊர்ப்பட்ட ஆள் இருக்கான். நம்ம வாசகன் காலைல சாப்ட்டுட்டு பஸ் ஏறி, பொழுது சாய வீடு வந்து சேரணும். அவனுக்கு எழுதுங்க."

அவருடைய முறை கறாரானது. போகிற ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து ஊருக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் நோட்டை எடுக்கக் கூடாது. முதலில் டீக்கடை. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு எழுந்துவிடவும் கூடாது. "முதல் டீக்கு உங்களை வேடிக்கை பாப்பாங்க. ரெண்டாவது டீக்குத்தான் அவங்க பேச்சைப் பேசுவாங்க" என்பார். கோயிலைக் கடைசியில் பார்த்தால் போதும். கோயில் எங்கேயும் போய்விடாது, டீக்கடையில் இருக்கிற ஆட்கள் போய்விடுவார்கள். ஊரின் பழம்பெருமையைக் கேட்காதே, இன்றைக்கு அங்கே என்ன பிரச்சினை என்று கேள். மோட்டார் எரிந்துவிட்டதா, மாப்பிள்ளை வீட்டார் வராமல் போனார்களா, பூ விலை விழுந்ததா. கதை அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவர் உயிரை விட்டது கட்டுரையின் கடைசியில் வரும் சின்னக் கட்டத்துக்காக. ‘எப்படிப் போவது?’ என்று தலைப்பு. எந்தப் பஸ், எங்கே நிற்கும், எங்கே இறங்க வேண்டும், திரும்பும் பஸ்ஸை எந்த மரத்தடியில் நின்று பிடிக்க வேண்டும். பஸ்ஸைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் கட்டத்தை எழுதினால் கண்ணாடியைத் துடைப்பார். "நீங்க வர்ணிச்சதுல பிழை இருந்தா வாசகன் சிரிச்சுக்கிட்டுப் போயிருவான். இதுல பிழை இருந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிப்பான்."

இரண்டாவது கட்டுரை அகரத்தைப் பற்றி. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூர். சன்னலோரம் நின்று வாசித்து முடித்தவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஜப்தி பண்ணப் போனவன் எழுதுன மாதிரி இருக்கு. ஒத்தையா ஒரு ஆம்பளை ஊரூராச் சுத்தி வீட்டையும் தோட்டத்தையும் உத்து உத்துப் பாத்தா, படிக்கிறவனுக்கே பயமா இருக்காது? வீட்ல கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போங்க. அந்தப் பேச்சை எழுதுங்க." செத்த நேரம் யோசித்துவிட்டு அவரே தலைப்பையும் வைத்தார். "‘ரெண்டு டிக்கெட்’. எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவி பெயர் லோகநாயகி. லோகு என்பேன். சின்னாளபட்டியில் நெசவுக் குடும்பம். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாகல் நகர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பிறந்த ஊரிலிருந்து வருகிற துணியில், சாயம் ஏற்றும்போது புள்ளி விழுவதற்கான சுங்கடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள் என்று அப்போது எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். நான் அதிகம் கேட்டதில்லை என்பதே சரி.

அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. கூட்டிப் போனால் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும், ஒதுங்க இடம் பார்க்க வேண்டும், அவள் நடைக்கு நடக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்துப் பெண்களிடம் உரக்க ஊர் கேட்பாள், பேர் கேட்பாள். படித்தவன் மனைவி இப்படியா என்று யாராவது நினைப்பார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம். அதோடு, சன்னலோரம் தனியாக உட்கார்ந்து யாருக்கும் பதில் சொல்லாமல் போவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை யாரோடும் பங்கிட மனமில்லை.

அதனால் மேசையில் உட்கார்ந்து அவளை எழுதினேன். அகரம் கட்டுரையைத் திருத்தி, டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் அவளை உட்கார வைத்தேன். டீ ஆறிப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சொல்ல வைத்தேன். ஞானமுத்து சார் வாசித்தார். குரல் எங்கேயும் தடுக்கவில்லை. "பாத்தீங்களா? அம்மா வந்ததும் கட்டுரைக்கு உயிர் வந்துருச்சு" என்றார்.

எழுதுவது சுலபமாகிவிட்டது. என்னால் ஊராரிடம் கேட்க முடியாததை அவள் கேட்டாள். நான் செய்யத் தயங்குகிற குறும்பை அவள் செய்தாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஆயக்குடியில் ரோட்டோரம் கொய்யாப்பழம் கூறு போட்டு விற்கிற அம்மாவிடம், அடியில் சின்னப் பழத்தை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சண்டை போட்டு, ஒரு பழம் கூடுதலாக வாங்கி, இரண்டை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தாள். அந்த ஆயக்குடிக் கட்டுரைக்கு வந்த அளவு கடிதம் எதற்கும் வந்ததில்லை. பாதிக் கடிதம் அவளுக்கு வந்தது. ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று. கொண்டுபோய்க் கொடுப்பேன். முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் மெதுவாக வாசிப்பாள்.

"நான் இப்படியெல்லாமா பேசுவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எழுத்துக்காகச் சேர்க்கிறதுதான். ஒருநாள் நிஜமாவே போவோம்."

"ம்."

ஞானமுத்து சாரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. யாரிடமும் சொல்லாமல், பழைய கட்டுரை ஒன்றை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியபடியே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்விட்டு வருவார். கட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. ஆயக்குடிக்கு அப்படிப் போயிருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் அந்தக் கட்டுரை. அவர் கையில் கண்ணாடி.

"உக்காருங்க தம்பி." துடைத்துக்கொண்டே பேசினார். "பஸ்ஸு சரியா இருக்கு. இறங்குற இடம் சரி. புளியமரம் சரி. பழக்காரம்மா மூக்குத்திகூட நீங்க எழுதுனபடியே ரெண்டு பக்கமும் இருக்கு. உங்க சம்சாரம் மட்டும் அங்க வரல."

நான் மேசைமேல் கிடந்த கட்டுரையைப் பார்த்தேன்.

"எத்தனை ஊருக்கு வந்தாங்க?"

"எதுக்கும் வரல சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அந்தம்மா ‘ஒத்தை ஆளாத்தானுங்க வந்தாரு, ஒரு பழம் வாங்குனாரு, தின்னாமப் பையில வச்சுக்கிட்டாரு’ன்னு சொல்லுது. தம்பி, வாசகனை ஏமாத்துனது ஒரு பக்கம். அதை நான் மன்னிப்புப் போட்டுச் சரி பண்ணிருவேன். வீட்ல இருக்கிற பொம்பளைக்கு வாரா வாரம் அவ போகாத ஊரை அச்சடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்களே, அதை யாரு சரி பண்றது?"

அன்று அவர் மன்னிப்பும் போடவில்லை, பக்கத்தையும் நிறுத்தவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். இந்த வாரத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டுரையோடு இரண்டு பஸ் டிக்கெட்டையும் குத்திக் கொடுக்க வேண்டும். பயணப்படியில் அவளுக்கும் சேர்த்துத் தருவார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நிலக்கோட்டைக்குப் போகணும். பூ மார்க்கெட். வாறியா?"

லோகு ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். நாளைக்கு."

"நாளைக்கு இந்தச் சேலையை முடிச்சு அனுப்பணுமேங்க. வெள்ளிக்கிழமை போவமா?"

கட்டுரை வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் வேறு எதையாவது போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். அவர் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். நான் கேட்கவில்லை. "பாப்போம்" என்றேன். இரவு அவள் பெட்டியைத் திறந்து கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை எடுத்துக் கொடியில் காற்றாடப் போட்டாள். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது நான் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு?"

"வீட்ல பின்னாடி இருக்காங்க."

பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக் கிழித்துக் கொடுத்தார். சின்னாளபட்டியில் ஒரு பெரியவர் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறினார். "இங்க ஆள் வருதாப்பு?"

"வருது."

நின்றுகொண்டே வந்தார். அடுத்த ஊர் போனது, அதற்கடுத்த ஊரும் போனது. "அவுக வரையில எந்திரிச்சுக்கிறேன், என்ன?" என்று உட்கார்ந்துவிட்டார். முருங்கைக்காய் என் மடியில் பாதி கிடந்தது. அவள் பிறந்த ஊரைத் தாண்டி, அவளுடைய டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய முருங்கைக்காயைப் பிடித்தபடி நிலக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். பூ மார்க்கெட்டில் அவள் மல்லிகையை மூட்டையோடு முகர்ந்து பார்த்தாள் என்று எழுதினேன்.

ஞானமுத்து சார் கட்டுரையில் குத்தியிருந்த இரண்டு டிக்கெட்டையும் திருப்பிப் பார்த்தார். "அம்மாவுக்குச் சந்தோஷமா?" என்றார். "ஆமா சார்" என்றேன். டிக்கெட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டார். அதன் பிறகு ஒருபோதும் அவர் கேட்கவில்லை. நானும் ஒருபோதும் ஒற்றை டிக்கெட் எடுக்கவில்லை. நம்பினாரா, சலித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்தபோது பிரேதத்துக்கு முன்னால் நின்று அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிப்பூச் சேலை அந்த வெள்ளிக்கிழமைவரை கொடியில் கிடந்தது. பிறகு மடித்துப் பெட்டிக்குள் போய்விட்டது.

அதற்கடுத்த வருடம் என்று நினைக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர்கள். கணவர் பையோடு ஒதுங்கி நிற்க, அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ‘ரெண்டு டிக்கெட்’ எழுதறவங்க ஊடு இதுதானுங்களா?"

"நான்தான். வாங்க, உட்காருங்க."

"உங்களைப் பாக்க வரலீங்க. அக்காளைப் பாக்க வந்தோமுங்க."

லோகு கையில் நூலோடு வந்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆயக்குடில அந்தம்மாகிட்ட மல்லுக்கு நின்னீங்களே, அதைப் படிச்சு எங்க மண்டியில அத்தனை பேரும் சிரிச்சாங்க அக்கா. ஏனுங்க்கா, அந்தம்மா திட்டலீங்களா?"

லோகு என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"திட்டாம இருப்பாளா? நல்லாத்தான் திட்டுனா. அம்புட்டுச் சின்னப் பழத்தை அடியில மறைச்சு வச்சா நான் விட்ருவேனா?"

அந்தப் பெண் குலுங்கிச் சிரித்தார். கணவர் பையைத் திறந்தார். ஆயக்குடிக் கொய்யாப்பழம். "அக்காளுக்குப் பிடிக்குமேன்னு வாங்கியாந்தோமுங்க. ஒண்ணு தின்னுங்க்கா, நாங்க பாக்கணும்."

லோகு பெரிய பழமாக ஒன்றை எடுத்தாள். கத்தி வேண்டாம் என்றாள். எழுதியிருந்தபடியே கடித்து, அவர்கள் பார்க்க முழுவதையும் தின்றாள். "நல்ல பழம்" என்றாள். எவ்வளவு ரசித்துத் தின்கிறாள் என்று நான்கூட நினைத்தேன்.

அவர்கள் போன பின் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. நாக்கு ஒட்டிக்கிருது. இனி யாராச்சும் வந்தா நான் என்ன சொல்ல?"

"இப்ப நல்லாத்தானே சொன்ன?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "கடைசியில கட்டம் கட்டிப் பஸ்ஸு விவரம் போடுறீங்கள்ல, அது நெசமா? இல்ல அதுவும் எழுத்துக்குச் சேக்குறதா?"

"அது மட்டும் பொய் இருக்காது. ஒவ்வொண்ணும் நானே பார்த்து எழுதினது."

"சரி" என்றாள். முன்னறைக்குப் போய் நூலை எடுத்தாள். ஏன் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் இதழ் நின்றது. நான் ஓய்வு பெற்றேன். இனிமேல் போகலாம் என்றேன். மூட்டு வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த குளிரில் நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "சரியானதும் ஆயக்குடிக்குப் போய்ட்டு வருவோம் லோகு" என்றேன். என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள். அங்கிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை.

பேசாத மனுஷி என்று நினைத்திருந்தேன். அவள் போன பிறகுதான் வீட்டில் அதுவரை சத்தம் இருந்தது தெரிந்தது. ஊசி டப்பா திறக்கிற சத்தம், குக்கர் மூடி, கொடியில் சேலை உதறுவது. ஒன்றும் இல்லாத வீட்டில் பகல் நீண்டு கிடந்தது. பகலைக் கழிக்க எனக்குத் தெரிந்த ஒரே வேலை பஸ் ஏறுவது. எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமல், பழைய ஊர்களுக்கே திரும்பப் போக ஆரம்பித்தேன்.

முதலில் அகரம். பழக்க தோஷத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். டீக்கடை அப்படியே இருந்தது. கடைக்காரர் கருப்பணனுக்குத் தலை நரைத்திருந்தது. டீயை ஆற்றி நீட்டியவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எழுதுற சாருல்ல? அம்மா வரலியா?"

கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அந்தக் கட்டுரையை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களே."

"நான் எங்க சார் படிச்சேன்? எனக்கு எழுத்தே தெரியாது. அம்மாதான் வாசிச்சுக் காமிச்சாக."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா சார். அது ஆச்சு, பல வருசம். கத்தரிப்பூச் சேலை கட்டி, ஒத்தையா வந்து எறங்கினாக. கையில உங்க தாளை வெட்டி வச்சிருந்தாக. ‘ஏப்பா, நானும் அவரும் எந்தப் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சோம்?’னு கேட்டாக. ‘நீங்க வரலியேம்மா, சார் மட்டுந்தான வந்தாரு’ன்னேன். ‘வந்தேனாம்ப்பா, இந்தா எழுதியிருக்கு பாரு’ன்னு ஒரே சிரிப்பு. முழுசா வாசிச்சாக. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தாக. டீயைக் குடிக்காம ஆற வச்சு, ‘டீ ஆறிப்போச்சு’ன்னு என்கிட்டச் சொன்னாக. தாளுல அப்படித்தான் இருக்காம்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேற என்ன சொன்னாங்க?"

"‘அவரு இங்க நல்லாச் சிரிச்சுப் பேசுவாரா?’ன்னு கேட்டாக. ‘பேசுவாரும்மா, ரெண்டு டீ குடிச்சு ஊர்க்கதை பூராக் கேப்பாரு’ன்னேன். ‘அப்படியா’ன்னாக. அம்புட்டுத்தான்." டவலை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க சார் அம்மா? சொகமா இருக்காகளா?"

சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டாவது டீயை நான் கேட்கவில்லை, அவராகவே போட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொரு ஊராகப் போனேன். சில ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அங்கே அவள் போகவில்லையா, பார்த்தவர்கள் மறந்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீரே இல்லை. அங்கே கேட்க ஆளும் இல்லை. நிலக்கோட்டையில் ஒரு பூக்காரர், மூட்டையில் முகத்தை வைத்து முகர்ந்துவிட்டு ஒரு முழம்கூட வாங்காமல் போன ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் அலுவலகத்தில் ஒற்று திருத்திக்கொண்டிருந்த பகல்களிலும், வேறு எந்த ரோட்டிலோ இரண்டு டிக்கெட்டோடு போய்க்கொண்டிருந்த பகல்களிலும், அவள் முடிச்சுப் போட்ட கூலியில் பஸ் ஏறி, நான் எழுதிய பொய்களை ஒவ்வொன்றாக உண்மையாக்கிவிட்டு, நான் வருவதற்குள் வீடு திரும்பி உலை வைத்திருக்கிறாள். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. ஊரூராக மனிதர்களைக் கவனிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

ஆயக்குடிக்குக் கடைசியாகத்தான் போனேன். போகப் பயமாக இருந்தது. புளியமரத்தடியில் பழக்காரம்மா பழனியம்மாள் அதே இடத்தில் கூறு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் மூக்குத்தி. நான் யார் என்று சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது.

"அடேயப்பா, வந்துட்டீங்களா! மொதல்ல நீங்க வந்தீங்க. அப்புறம் கண்ணாடி போட்ட பெரியவரு ஒருத்தர் வந்து, அந்தம்மா வந்துச்சா வந்துச்சான்னு கொடைஞ்சாருங்க. அதுக்கப்புறம் அந்தம்மாவே வந்தாங்க. ஏனுங்க, உங்காளுங்க யாரும் சேந்தாப்ல பஸ் ஏற மாட்டீங்களா?"

"அவங்க வந்தப்போ என்ன சொன்னாங்கம்மா?"

"வந்ததும் வராததுமா ‘உன்கூடச் சண்டை போடணும் தாயி, எழுதியிருக்காரு’ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. தாளைப் படிச்சுக் காட்டுனாங்க. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சண்டை போட்டோம். நானும் திட்டுனேன், அவங்களும் திட்டுனாங்க. பஸ்ஸுக்கு நின்னவங்கெல்லாம் வந்து வெலக்கி விட்டாங்க!" சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் தேய்த்தார். "அப்புறம் ரெண்டு பழம் எடுத்துக் குடுத்தேனுங்க. காசு வேண்டாம், தின்னுங்கம்மான்னேன். கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ‘எனக்குக் கொய்யாவே ஆகாது தாயி. சின்னப் புள்ளையிலருந்தே தொட மாட்டேன், விதை பல்லுல மாட்டிக்கிரும். ஆனா ரெண்டு தின்னேன்னு எழுதிட்டாரே’ன்னாங்க. மூக்கைப் பிடிக்காத கொறையாத் தின்னாங்க, ரெண்டையும்."

பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். ரோடு வெயிலில் காலியாகக் கிடந்தது.

பழத்தை என் கையில் வைத்த பழனியம்மாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏனுங்க, அவங்களுக்குக் கொய்யா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்மா" என்றேன்.